எட்டு மணி ஊசி

இன்னும் முப்பத்தொன்பது மணி நேரம் இருந்தது.

கட்டிலின் தலைமாட்டில் மாட்டியிருந்த கையகலத் திரையில், ஒரு மூலையில் அந்த எண்ணும் எதிர் மூலையில் எண்பத்து மூன்று சதவீதம் என்பதும் எரிந்தன. நடுவில் ஒரு சிவப்புக் கோடு ஏறி இறங்கி ஓடியது. அதுதான் தஸ்நேவிஸின் வலி.

அமலோர்பவம் கஞ்சியை ஆற்றியபடி கோட்டைப் பார்த்தாள். நல்ல உயரத்தில் இருந்தது. அவளுக்கு ஆறுதலாக இருந்தது. அப்படி ஆறுதல் வந்ததில் கூசிப்போய், தம்பியின் முகத்தைப் பார்க்காமல் ஸ்பூனை நீட்டினாள்.

"வாயத் தொற மக்கா."

"சூடு."

"ஆத்தித்தான தாரேன். இருவத்தி நாலு வயசு ஆம்பளைக்கு அக்கா ஊட்டிவிடணும்."

"சின்னப்பிள்ளையில ஊட்டினது பத்தல."

இந்த வாரம் முழுக்க ஊட்டித்தான் விட வேண்டியிருந்தது. வலது கையைத் தூக்கினால் முதுகை இழுக்கிறது என்று சொல்லி, அதைப் போர்வைக்குள்ளேயே வைத்திருந்தான். தலையணைக்குப் பக்கத்தில் அவனுடைய துணித் தொப்பி கிடந்தது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது அவனே கேட்டு எடுத்து வந்தது. கடலுக்குப் போகிற பையன்கள் எல்லோரையும் போல அவனும் தொப்பியின் உள்மடிப்பில் இரண்டு மூன்று தூண்டில் முள்ளைக் குத்தி வைத்திருப்பான். நடுக்கடலில் முள் அறுந்துபோனால் பெட்டியைத் துழாவிக்கொண்டிருக்க நேரம் இருக்காது. மருந்து வாடை தாங்காதபோது நேவிஸ் அந்தத் தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு படுத்திருப்பான். அதில் இன்னும் உப்பு வாசம் இருந்தது.

"என்ன தாயி, ஏறுச்சா?" அடுத்த கட்டிலருகே ஸ்டூலில் உட்கார்ந்திருந்த இசக்கிமுத்து கேட்டார்.

"எம்பத்தி மூணு அண்ணாச்சி. நேத்துலருந்து அப்படியே நிக்கு."

"நிக்கட்டும். குடுத்து வச்சவன் உன் தம்பி. வலிக்கு. இவளப் பாரு." மனைவியைக் காட்டினார். பேச்சியம்மாள் தலையணையில் சாய்ந்து நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். "நெஞ்சுக்குள்ள வால்வு கிழிஞ்சி கெடக்கு. மழைக்காலம் தாண்டாதுன்னு சொல்லுதாவ. ஆனா ஒரு எழவும் வலிக்க மாட்டங்கு. எங்க கோட்டப் பாத்தியா? வெயிலுக்குப் படுத்த சாரப்பாம்பு கணக்கா கெடக்கு. எவன் காசு போடுவான்?"

"வேணும்னா முதுகுல ரெண்டு குத்து குத்துங்க. வலிக்கட்டும்," என்றாள் பேச்சியம்மாள், கடலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"கட்டினதுலருந்து கை ஓங்குனதில்ல. இப்பப் போயி..."

"ஓங்கியிருந்தா இப்ப பழக்கத்துக்கு ஆகியிருக்கும்லா."

நேவிஸ் சிரித்தான். சிரிப்பில் உடம்பு குலுங்கியது. இடுப்புக்குக் கீழே எதுவும் குலுங்கவில்லை.

முதுகெலும்புக்குள் நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி. அதை எடுப்பதற்கான கருவி இந்த ஆஸ்பத்திரியில் மட்டும்தான் இருந்தது. காப்பீட்டு அட்டைக்கான பட்டியலில் அந்த அறுவை சிகிச்சையின் பெயரே இல்லை. இறால் உரிக்கும் கம்பெனியில் அமலோர் வாங்கும் சம்பளத்தைக் கேட்டுவிட்டு, டாக்டர் கோமதிநாயகமே, நோயாளிகளுக்கு ஊராரிடம் காசு திரட்டித் தரும் 'பகிர்வலி'யின் எண்ணைக் கொடுத்தார். கொடுக்கும்போது ஒன்று சொன்னார்.

"கால் ரெண்டும் அசையல, சரி. ஆனா வலி இருக்கு பாருங்க, அது நல்ல விஷயம். கட்டி அழுத்துற நரம்பு இன்னும் உயிரோட இருக்குன்னு அர்த்தம். அதுவரைக்கும் நாம உள்ள போகலாம், பையன் நடப்பான். வலி நின்னுச்சுன்னா அன்னைக்கே எனக்குச் சொல்லணும். நின்ன அன்னைக்குன்னா அவசரமா ஏதாவது பண்ணிப் பாக்கலாம். ஒரு நாள் தாண்டிட்டா நரம்பு செத்துரும். அப்புறம் திறக்கிறதுல பிரயோஜனமே இல்ல."

அன்றிலிருந்து அமலோர், வலி இருக்க வேண்டும் என்று மாதாவிடம் வேண்டிக்கொண்டாள். முப்பத்தோரு வயதில் அவள் எத்தனையோ வேண்டியிருக்கிறாள். இப்படி ஒன்றை யாரும் வேண்டிக் கேட்டதில்லை.

மூன்று வாரத்துக்கு முன்பு பகிர்வலியிலிருந்து ஷர்மிலி என்ற பெண் வந்து, நேவிஸின் பின்கழுத்தில் ஒரு பட்டையை ஒட்டினாள். மிஞ்சிப்போனால் இருபத்து மூன்று வயதிருக்கும். சென்னைப் பெண். பேசும்போது எதிரே இருப்பவரின் தோளைப் பார்த்துப் பேசுவாள்.

"இது எதுக்கும்மா?" என்று அமலோர் கேட்டாள். "போட்டோ எடுத்துப் போட மாட்டீயளா? எங்க ஊருல ஒரு பிள்ளைக்கு அப்படித்தான் காசு வந்துச்சு."

"அது பழைய கதைக்கா. இப்போ படத்தை யாரும் நம்பறதில்ல. அழுற மாதிரி ஒரு குழந்தையை ரெண்டு நிமிஷத்துல கம்ப்யூட்டர் செஞ்சு குடுத்துடுது. அம்மா, அப்பா, ஆஸ்பத்திரி பில்லு எல்லாமே செஞ்சு குடுத்துடுது. எத்தனை பேரு ஏமாந்தாங்க தெரியுமா? வலியை மட்டும்தான் அதுக்கு இன்னும் செய்யத் தெரியல."

நோயாளியின் கழுத்துப் பட்டை மூளையில் வலியைப் படிக்கும். காசு கொடுக்க நினைக்கிறவர்கள் மணிக்கட்டில் ஒரு வளையத்தைப் போட்டுக்கொண்டு, அந்த நேரத்து வலியைப் பத்து நொடி தாங்கிப் பார்க்கலாம். பத்து நொடிக்கு மேல் சட்டம் அனுமதிக்கவில்லை.

"எங்க வலிக்குதுன்னு தெரியாதுக்கா. யாரோட உடம்பா இருந்தாலும் அவங்களுக்கு மணிக்கட்டுலதான் தெரியும். எவ்வளவு, எந்த மாதிரி, அது மட்டும் அப்படியே போகும். ஒரு நாள் முழுக்க கோடு படுத்துட்டா பேஜை மூடிடுவாங்க. மூணு வாரத்துல நூறு வரலைன்னாலும் மூடிடுவாங்க. குடுத்த காசு குடுத்தவங்களுக்கே திரும்பிடும்."

பிறகு பையிலிருந்து ஒரு வளையத்தை எடுத்து நீட்டினாள். "நீங்க ஒரு தடவை போட்டுப் பாக்கறீங்களா?"

"வேண்டாம்."

"நிறைய அக்கா, அம்மா கேட்டு வாங்கிப் போடுவாங்க."

"வேண்டாம்மா."

அவள் ஏன் மறுத்தாள் என்பது ஒரு வாரத்தில் அவளுக்கே தெளிவாகத் தெரிந்துவிட்டது. வலியைக் குறைக்கும் ஊசி இரவு எட்டு மணிக்குப் போட வேண்டும். ஆனால் ஊரார் வேலை முடிந்து, சாப்பிட்டு, ஃபோனைக் கையில் எடுக்கும் நேரம் ஏழிலிருந்து ஒன்பது. எட்டு மணிக்கு ஊசி ஏறினால் எட்டேகாலுக்குக் கோடு படுத்துவிடும். அதனால் அந்த வார்டில் எட்டு மணி ஊசியை எல்லோரும் ஒன்பதரைக்குத்தான் போட்டுக்கொண்டார்கள். யாரும் சட்டம் போடவில்லை. ஒவ்வொரு கட்டிலிலிருந்தும் ஒருவர் எழுந்து போய், "சிஸ்டர், இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கிடுங்க" என்பார்கள், அவ்வளவுதான். நர்ஸ் லீமா ஆரம்பத்தில் திட்டினாள். பிறகு நிறுத்திவிட்டாள். இப்போது ஏழு மணிக்கே மருந்துத் தள்ளுவண்டியை மூலையில் நிறுத்தி, மேலே ஒரு துண்டைப் போட்டு மூடிவிடுகிறாள்.

ஊசியை நிறுத்துவது அமலோர். அந்த வளையத்தை ஒரு முறை போட்டுவிட்டால் பிறகு அவளால் நிறுத்த முடியாது.

முதல் இரண்டு வாரமும் நேவிஸ் அந்த நேரத்தில் மிருகம் போலக் கத்தினான். வாயில் துண்டைத் திணித்துக்கொள்வான். அவள் வராந்தாவில் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்தில் நின்றுகொண்டு ஃபோனில் சதவீதத்தைப் பார்ப்பாள். முப்பத்தொன்று. முப்பத்து நாலு. திரும்பி வரும்போது முகத்தைக் கழுவிக்கொண்டு வருவாள்.

இந்த வாரம் அவன் கத்துவதில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்துப் படுத்திருந்தான். பழகிவிட்டது போல என்று நினைத்தாள். கோடு என்னவோ முன்பை விட உயரமாகத்தான் இருந்தது.

*

ஐந்தரைக்கு ஷர்மிலி வந்தாள். ஸ்டூலை இழுத்து உட்கார்ந்து, அமலோரின் தோளைப் பார்த்தாள்.

"அக்கா, பதினேழு பர்சென்ட் இன்னும் வேணும். இந்த வேகத்துல வராது."

"என்ன செய்யணும் சொல்லு."

"இன்னைக்கு நைட் ஊசி, நாளைக்குக் காலைல ஊசி, ரெண்டையும் விட்டுடலாமா? நம்ம நைட்டுதான் வெளிநாட்டுல பகல். அவங்க திறந்து பாக்கறப்போ கோடு படுத்திருந்தா அடுத்த பேஜுக்குப் போயிடறாங்க."

"ஒரு நாளு முழுக்கவா?"

"நாளைக்கு நைட் வரைக்கும்."

"நீ போட்டுப் பாத்தியா அத?"

"பாத்தேன். முதல் நாளே. எங்க வேலையே அதுதானே, எல்லா பேஷன்ட்டையும் ஒரு தடவை நாங்க போட்டுப் பாக்கணும்."

"எப்படி இருந்துச்சு?"

ஷர்மிலி கழுத்திலிருந்த அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "மணிக்கட்டு மேல யாரோ அரிசி மூட்டையா அடுக்கிட்டே இருக்கற மாதிரி. நான் அன்னைக்கு சாப்பிடலக்கா."

அமலோர் எழுந்து ஜன்னல் பக்கம் போனாள். கீழே ஆட்டோ ஸ்டாண்டில் யாரோ யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"சரின்னு சொல்லிரு, அக்கா," என்றான் நேவிஸ் பின்னாலிருந்து.

"நீ சும்மா கெட."

"வலிக்கப் போறது எனக்கு. சொல்லிரு. ஊசி வேண்டாம். நான் பாத்துக்கிடுதேன்."

"நீ என்னத்தப் பாத்துக்கிடுவ?"

"வலிக்கதுக்கு எனக்கு யாரும் சொல்லித் தரணுமாக்கும்."

இசக்கிமுத்து தொண்டையைச் செருமினார். "ஏம்மா ஷர்மிலி, அந்த மாதிரி இவளுக்கும் ஏதாவது வழி சொல்லேன். ரெண்டு மாசம் கழிச்சுச் சாவப் போறவளுக்கு ஒம்பது பர்சென்ட்டு."

"வலி இல்லாத நோய்க்கு வேற திட்டம் வரப்போகுதுன்னு சொல்றாங்க அங்கிள்."

"எப்ப?"

"அடுத்த வருஷம்."

"கேட்டியா பேச்சி," என்றார் இசக்கிமுத்து, "அடுத்த வருசம் வரைக்கும் கடலையே தின்னுக்கிட்டு இரி."

*

அந்த இரவு முழுவதும் நேவிஸ் சத்தம் போடவில்லை. கோடு மட்டும் திடீர் திடீரென்று எம்பிக் குதித்தது. அமலோர் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்து, அவனுடைய இடது கையைப் பிடித்துக்கொண்டு ஜெபமாலை சொன்னாள். கோடு எம்பும்போதெல்லாம் அந்தக் கை அவள் கையை இறுக்கியது.

காலையில் விரிப்பை மாற்றும்போது வலது ஓரத்தில் காசளவில் ஒரு ரத்தக்கறை இருந்தது.

"இது என்ன?"

"கொசு. ராத்திரி அடிச்சேன்."

"இம்புட்டு ரத்தமா?"

"ஏசி வார்டுல குடிச்சிட்டு வந்திருக்கும். நல்ல ரத்தம்."

அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. விரிப்பை உருட்டிக் கூடையில் போட்டாள்.

திரையில் எண்பத்தெட்டு. வெளிநாட்டுப் பகல் ஐந்து சதவீதம் கொடுத்திருந்தது. பக்கத்தின் அடியில் கொடுத்தவர்கள் எழுதிப்போன குறிப்புகளை அவள் ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினாள். பெரும்பாலும் பிரார்த்தனைகள். சிலர் வலிக்கு நட்சத்திரம் போட்டிருந்தார்கள், ஓட்டல் சாப்பாட்டுக்குப் போடுவது போல. ஒருவர், "இரண்டாவது முறையாகப் போடுகிறேன். போன வாரம் பாரம் ஏற்றியது போல இருந்தது. இப்போது மெல்லிசாக, கூராக இருக்கிறது. பாவம், நோய் முற்றுகிறது போலும்" என்று எழுதியிருந்தார்.

"கூரா இருக்கா மக்கா?"

"கட்டி பழுத்திருக்கும். நீ அடுத்தத படி."

பத்து மணிக்கு டாக்டர் கோமதிநாயகம் வந்தார். முதல் வாரம் ஊசியால் காலில் குத்திக் குத்திப் பார்த்தவர், இப்போதெல்லாம் கட்டிலருகே வருவதில்லை. நின்ற இடத்திலிருந்தே திரையைப் பார்த்தார்.

"அருமை. நரம்பு நல்லா பேசுது. இன்னைக்குள்ள நூறு வந்துட்டா நாளன்னைக்குக் காலையில எடுத்துக்கறேன்."

"தொட்டுப் பாக்க வேண்டாமா டாக்டர்?" என்றாள் அமலோர்.

"தொட்டா எனக்கு என்னம்மா தெரியப் போகுது? அவரு மனசுல என்ன தோணுதோ அதைச் சொல்லுவாரு. இது பொய் சொல்லாது."

அவர் நகரும்போது நேவிஸ் கூப்பிட்டான். "சார். வலி கொறஞ்சிட்டாலும் ஆபரேஷன் பண்ணலாமா சார்?"

"குறைஞ்சா பரவாயில்ல. நிக்கக் கூடாது."

"நின்னுட்டு, கொஞ்ச நாள் கழிச்சு பண்ணா?"

"அப்போ எதுக்குப்பா வீணா முதுகைக் கிழிக்கணும்? உனக்குத்தான் இவ்வளவு இருக்கே. நல்லதையே நினை."

நேவிஸ் தொப்பியை எடுத்து முகத்தில் கவிழ்த்துக்கொண்டான். பயந்திருக்கிறான் என்று நினைத்து அமலோர் அவன் தலையைத் தடவிக் கொடுத்தாள்.

*

மதியத்துக்கு மேல் எங்கோ ஒரு கல்லூரி விடுதியில் அது பற்றிக்கொண்டது. இசக்கிமுத்துதான் முதலில் பார்த்துவிட்டு ஃபோனைக் கொண்டுவந்து காட்டினார்.

"இந்தா பாரு தாயி கூத்த. உன் தம்பி வலிய வச்சு பந்தயம் கட்டுதானுவ. பத்து நொடி கத்தாம இருந்தா பிரியாணியாம்."

திரையில் ஒரு பையன் மணிக்கட்டை நீட்டி உட்கார்ந்திருந்தான். சுற்றிலும் பத்துப் பதினைந்து பேர் ஒன்று, இரண்டு என்று சத்தமாக எண்ணினார்கள். நாலாவது எண்ணில் அவன் துள்ளி எழுந்து கையை உதறினான். எல்லோரும் கைதட்டிச் சிரித்தார்கள். அடுத்தவன் உட்கார்ந்தான். முதலில் துள்ளியவன் ஓரமாக நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஃபோனில் காசு அனுப்பினான். அது ஒரு மூலையில் தெரிந்தது.

"நாசமாப் போவானுவ," என்றார் இசக்கிமுத்து.

"சிரிக்கட்டும் அண்ணாச்சி. போடுதானுவல்லா."

அப்படிச் சொன்ன தன் குரலை அவளே ஒரு கணம் கேட்டாள். மற்ற விடுதிகளும் சேர்ந்துகொண்டன. நான்கு மணிக்குத் தொண்ணூற்று ஒன்று. ஆறு மணிக்குத் தொண்ணூற்று ஐந்து. ஒரு தடவை, அரைமணி நேரம் போல, கோடு சரிந்தது. நேவிஸ் கண்ணயர்ந்திருந்தான். அமலோர் திரையைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். தூங்கட்டும் என்று நினைத்தாள். பிறகு அவன் தோளைத் தொட்டாள்.

"மக்கா. கோடு எறங்குது."

அவன் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தான். கோபம் எதுவும் இல்லை அந்தப் பார்வையில். "சரிக்கா," என்றான். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். கோடு எழுந்தது.

எட்டு மணி தாண்டி, தள்ளுவண்டி துண்டு மூடி மூலையில் நின்றிருந்த நேரத்தில், எண் நூறானது. திரை பச்சையாக மாறி ஒரு மணி ஓசை எழுப்பியது. அந்த வார்டில் அந்த ஓசையை இதற்கு முன் இரண்டே முறை கேட்டிருக்கிறார்கள். கட்டிலில் கிடந்தவர்கள்கூடக் கைதட்டினார்கள். பேச்சியம்மாள் உரித்த கடலையை ஒரு கை அள்ளி நீட்டினாள். இசக்கிமுத்து இரண்டு கையாலும் அமலோரின் தலையைப் பிடித்து ஆட்டினார்.

"எங்களுக்கும் சேத்துச் சந்தோசப்பட்டுக்கிடு தாயி. நாங்க எங்க போயிச் சந்தோசப்பட?"

அமலோர் ஓடிப்போய்த் தள்ளுவண்டி மேலிருந்த துண்டை இழுத்துப் போட்டாள்.

"சிஸ்டர்! லீமா சிஸ்டர்! ஊசி எடுங்க. முழு ஊசி. இனிமே நேரத்துக்குப் போடுங்க, நான் ஒரு வார்த்த பேச மாட்டேன்."

"எடுக்கிறேன், எடுக்கிறேன். மொதல்ல நீங்க உக்காருங்க, விழுந்துறப் போறீங்க," என்றாள் லீமா. அவள் கண்ணும் கலங்கியிருந்தது.

ஷர்மிலி ஃபோனைப் பிடித்துக்கொண்டு வந்தாள். இன்னொரு கையில் வளையம். "அக்கா, ஒரு சின்ன வேலை. நன்றி சொல்ற வீடியோ. குடும்பத்துல ஒருத்தர் இதைப் போட்டுக்கிட்டு சொல்லணும். குடுத்தவங்க தாங்கினதை நாங்களும் தாங்கினோம்னு. இது எல்லாப் பேஜுக்கும் உண்டு. இது இல்லாம பணம் ஆஸ்பத்திரிக்குப் போகாது."

"ஊசி போட்டுட்டு..."

"ஊசி போட்டா கோடு இருக்காதேக்கா. பத்தே நொடி."

"வேண்டாம்," என்றான் நேவிஸ். "அவ போட வேண்டாம். இசக்கி மாமா போடட்டும். அக்கா, நீ போடாத."

"போடா. ஊரு முழுக்க ஒனக்காகப் போட்டிருக்கு. நான் போட மாட்டேனா?"

அவள் சந்தோஷமாக இருந்தாள். மூன்று வாரமாகப் பயந்த ஒன்றைச் சந்தோஷத்தில் செய்துவிடலாம் என்று தோன்றியது. மணிக்கட்டை நீட்டினாள். ஷர்மிலி வளையத்தைப் பூட்டினாள். அமலோர் பல்லைக் கடித்து, மூட்டைகளுக்காகக் காத்திருந்தாள்.

மூட்டை எதுவும் வரவில்லை.

மெல்லிதாக ஒன்று உள்ளே நின்றிருந்தது. கூராக, சின்னதாக. நெருப்பின் நுனி போல. அடுத்த நொடி யாரோ அதை வெளியே இழுக்கப் பார்த்தார்கள். அது வரவில்லை. உள்ளே எதையோ கொக்கி போட்டுப் பிடித்துக்கொண்டு, சதையோடு திரும்பியது. மறுபடி இழுத்தார்கள். மறுபடி பிடித்தது.

அமலோருக்கு அது தெரியும்.

எட்டு வயதில் படகுத்துறைக் கொட்டகையில் அம்மாவோடு உட்கார்ந்து நீளக் கயிற்றின் முட்களில் இரை குத்தும்போது, கட்டைவிரலுக்குக் கீழே ஏறிய வலி அது. முள்ளின் நுனிக்குப் பின்னால் இன்னொரு சின்ன முள் திரும்பி நிற்கும். உள்ளே போனது வந்த வழியே வராது. "இழுக்காத, இழுக்காத, முன்னால தள்ளு" என்று அம்மா கத்தினாள். அவர்கள் கடற்கரையில் அந்த வலியை அறியாத கை எந்த வீட்டிலும் கிடையாது. எத்தனையோ ஊர்களில் எத்தனையோ பேர் இந்த வளையத்தைப் போட்டார்கள். மின்சாரம் என்றார்கள், நெருப்பு என்றார்கள், நோய் முற்றுகிறது என்றார்கள். அவர்களில் ஒருவரும் தூண்டில் முள்ளைக் கையில் பிடித்தவர் இல்லை.

"பத்து," என்றாள் ஷர்மிலி. "சொல்லுங்கக்கா. கேமராவைப் பாத்து."

அமலோர் கேமராவைப் பார்க்கவில்லை. தலையணையருகே கிடந்த தொப்பியை எடுத்து உள்மடிப்பைப் பிரித்தாள். துணியில் துருக்கறையோடு மூன்று ஓட்டைகள் இருந்தன. முள் எதுவும் இல்லை. தொப்பியை வைத்துவிட்டுப் போர்வையைத் தூக்கினாள்.

நேவிஸ் வலது கையை மூடியிருந்தான். அவள் ஒவ்வொரு விரலாகப் பிரித்தாள். அவன் தடுக்கவில்லை. உள்ளங்கை முழுவதும் புள்ளி புள்ளியாகப் புண். சில ஆறி, சில சீழ் கோத்து. கட்டைவிரலுக்குக் கீழே, பாதி உள்ளே போய், முள் நின்றது. அவசரத்தில் பின்னால் இழுத்ததில் சதை கிழிந்து மணிக்கட்டு வரை ரத்தம் வழிந்திருந்தது.

"முன்னால தள்ளணும்னு தெரியாதாலே ஒனக்கு," என்றாள். என்ன கேட்பதென்று தெரியாமல் அதைத்தான் கேட்டாள்.

"நீ போட்டுட்ட. அதுக்குள்ள எடுத்துரலாம்னு பாத்தேன்."

இசக்கிமுத்து எழுந்து நின்றார், பிறகு உட்கார்ந்தார். ஷர்மிலியின் கையில் ஃபோன் இன்னும் படம் பிடித்துக்கொண்டிருந்தது. அவள் அதை மறந்துபோயிருந்தாள்.

"எதுக்குல? உனக்குத்தான் முதுகுல..."

அமலோர் நிறுத்திக்கொண்டாள்.

"அன்னைக்கு அறுவத்திரெண்டுதான் இருந்துச்சு," என்றான் நேவிஸ். மெதுவாக, அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொல்லப் பார்த்தான். "சொன்னா பேஜ மூடிருவாவ. அத்தனையும் திரும்பப் போயிரும். ரெண்டு வாரமா நீ குழாயத் தொறந்து விட்டுட்டு நின்னது எனக்குக் கேட்டுச்சுக்கா. அது சும்மா போயிரக் கூடாதுன்னு இருந்துச்சு. காசு நெறஞ்சிட்டா டாக்டரு எப்படியாச்சும் செய்வாவன்னு நெனச்சேன். காலையில கேட்டேன்லா. நீயும்தான் நின்ன."

லீமா ஊசியில் மருந்தை ஏற்றி, நுனியில் ஒரு துளி தட்டிவிட்டு, கட்டிலின் அந்தப் பக்கமாக வந்து நின்றாள். அவள் நின்ற இடத்திலிருந்து கை தெரியவில்லை.

"முழு ஊசி தம்பி. இன்னைக்கு நல்லாத் தூங்கு. எங்க, திரும்பு."

நேவிஸ் ஊசியைப் பார்த்தான். பிறகு அக்காவைப் பார்த்தான்.

"அது வேண்டாம் சிஸ்டர்," என்றான். "முதுகுல வலி நின்னு அஞ்சு நாளாச்சு."